மாட்டுக்குத் தவிடு

கடலைப் பார்க்க வேண்டும் என்று யூனிஸ் தன் வாழ்நாளில் ஒரு தடவைகூட ஆசைப்பட்டதில்லை. பெங்களூர் ஒக்கலிபுரத்தில் பிறந்து, அதே தெருவில் வாழ்க்கைப்பட்டு, ரயில் சத்தத்துக்கு நடுவே பாடம் நடத்தி ரிட்டையர் ஆன டீச்சர். தெருவில் மழைத் தண்ணீர் தேங்கினாலே முகம் சுளிப்பார். அப்பேர்ப்பட்ட மனுஷி, "குந்தாபுரா பக்கம் ஒரு ஃபார்ம்ஹவுஸ் இருக்குதாம், கடலை ஒட்டினாப்புல. நாலு நாள் போயி சும்மா உக்காந்துக்கினு வரலாமா?" என்று கேட்டபோதே மருமகள் ஸ்னேஹாவுக்குச் சுருக்கென்றது.

"யார் சொன்னா ஆன்ட்டி?"

"சர்ச்சுல ஒருத்தங்க சொன்னாங்கம்மா."

சர்ச்சில் சொன்னார்களாம். ஸ்னேஹா அந்தப் பதிலை வாங்கி மனதில் பத்திரமாக முடிந்துவைத்துக்கொண்டாள்.

அவளைக் குற்றம் சொல்வதற்கில்லை. பிரசவ லீவு முடிந்து, வரும் திங்கட்கிழமை அவள் வைட்ஃபீல்ட் ஆபீஸுக்குப் போயாக வேண்டும். கைக்குழந்தை தாராவை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த ஒரே பேச்சு. ஸ்னேஹாவின் அம்மா ருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி வாக்கரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தாள். யூனிஸோ, தன் வீட்டைப் பூட்டிவிட்டு வந்து பேத்தியோடேயே இருக்கத் தயாராக இருந்தார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று ஸ்னேஹாவின் கணவன் கிளிஃபர்டுக்குப் புரியவில்லை. ஆண்பிள்ளைகளுக்குச் சில விஷயங்கள் புரியாமல் இருப்பது அவர்களுக்கு எவ்வளவு சௌகரியம். ஸ்னேஹா யாருக்கும் சொல்லாமல் ஆபீஸ் பக்கத்து டே-கேரில் ஓர் இடம் பிடித்துவைத்திருந்தாள். ஊர் திரும்புவதற்குள் மாமியாரிடம் வாருங்கள் என்றோ வேண்டாம் என்றோ சொல்லிவிடுவதென்று முடிவு செய்திருந்தாள்.

யோசனைக்குக் காரணம் இருந்தது. அவள் ஐயர் வீட்டுப் பெண், கிளிஃபர்ட் கத்தோலிக்கப் பையன், கல்யாணம் ரிஜிஸ்தர் ஆபீஸில். குழந்தை பிறப்பதற்கு முன்பே கிளிஃபர்ட் இரண்டு அம்மாக்களையும் சோபாவில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிவிட்டான்: "உங்க பக்கத்துச் சடங்கு எதையும் நீங்க குழந்தைக்குச் செய்யக் கூடாது. வளந்தப்புறம் அதுக்கு என்ன வேணுமோ அது எடுத்துக்கட்டும்." ருக்கு மகளின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தாள். யூனிஸ் பைபிளின் மேல் கைவைத்தார்.

அம்மாவின் சத்தியத்தை ஸ்னேஹா நம்பினாள். மாமியாருடையதைத்தான் நம்ப முடியவில்லை. வருஷக்கணக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மறைக்கல்வி சொல்லிக்கொடுத்தவர், சொந்தப் பேத்தி ஞானஸ்நானம் இல்லாமல் வளர்வதை வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பாரா? பகல் முழுக்கக் குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு, தான் வைட்ஃபீல்டில் மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தால், ஓர் ஆட்டோ பிடித்தால் போதாதா? தன் பெண்ணுக்கு என்ன நடந்தது என்பதே தனக்குத் தெரியாமல் போய்விடும் என்ற நினைப்புதான் ஸ்னேஹாவை வாட்டியது. சாமி எதுவாக இருந்தாலும் அவளுக்கு ஒன்றுதான். தெரியாமல் நடப்பதைத்தான் அவளால் தாங்க முடியாது.

ஃபார்ம்ஹவுஸ் நன்றாகத்தான் இருந்தது. ஓட்டு வீடு, சுற்றிலும் தென்னை, முற்றத்தில் ஒரு செவலை மாடு, கிணற்றைத் தாண்டி வேலிப்படல், படலைத் திறந்தால் மணல், மணலுக்கு அப்பால் கடல். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் சேஷகிரி காலையில் நீர்தோசை வார்த்துப் போடுவார், மத்தியானம் மீன் குழம்பு, சாயங்காலம் வாழைக்காய் பஜ்ஜி. நடுவில் செய்வதற்கு எதுவுமே கிடையாது. கிளிஃபர்ட் இரண்டு தென்னைகளுக்கு நடுவே கட்டியிருந்த வலையூஞ்சலில் விழுந்தவன், சாப்பாட்டுக்கு மட்டும் எழுந்தான். மெயில் வராத சந்தோஷத்தில் அவன் முகமே உப்பிவிட்டது. ஸ்னேஹாவுக்கு அந்த ஓய்வெல்லாம் சந்தேகப்படுவதற்குத்தான் பயன்பட்டது. பெங்களூரில் சந்தேகப்படக்கூட நேரம் கிடைக்காது. இங்கே தாராளமாகக் கிடைத்தது.

முதலில் கண்ணில் பட்டது சர்ச். தென்னந்தோப்புக்குப் பின்னால், கொஞ்ச தூரத்தில், சுண்ணாம்பு அடித்த வெள்ளைக் கோபுரம். வராந்தாவில் நின்றாலே தெரிந்தது. "ஓ, இங்க சர்ச் இருக்குதா?" என்று யூனிஸ் கேட்ட தோரணை, வகுப்பில் இன்ஸ்பெக்டர் வந்திருப்பது தெரியாததுபோல் பாடம் நடத்தும் டீச்சரின் தோரணையாகவே ஸ்னேஹாவுக்குப் பட்டது.

அடுத்தது பை. குழந்தைக்கு டயபர் தீர்ந்துபோய், ஒரு பாக்கெட் மாமியாரின் பையில் வைத்த ஞாபகம் வந்து ஸ்னேஹா அதைத் திறந்தாள். மடித்த புடவைகளுக்கு அடியில், டிஷ்யூ காகிதம் சுற்றிய புத்தம்புதிய ஃபிராக் ஒன்று. தூய வெள்ளை, கழுத்திலும் கையிலும் லேஸ். ஞானஸ்நானத்துக்கு என்ன உடுப்பு போடுவார்கள் என்பதை அவள் கிளிஃபர்டின் சின்ன வயது போட்டோவிலேயே பார்த்திருக்கிறாள். ஃபிராக்குக்குப் பக்கத்தில் நூல் கட்டிய காகிதப் பொட்டலம் ஒன்றும் இருந்தது. பிரித்துப் பார்த்தால் தவிடு. சாதாரண அரிசித் தவிடு. இது எதற்கு என்று அவளுக்கு விளங்கவே இல்லை. விளங்காததால் பயம் இன்னும் கூடியது.

சாயங்காலம் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள். "டயபர் தேடினேன் ஆன்ட்டி. உங்க பையில தவிடு இருக்கே, எதுக்கு?"

யூனிஸின் கை ஒரு கணம் தட்டின் மேலேயே நின்றது. "அதுவா? மாட்டுக்குத்தான்ம்மா. இங்க மாடு இக்குதுன்னு சொன்னாங்க. வெறுங்கையோட எப்படி வர்றது?"

பெங்களூரிலிருந்து இவ்வளவு தூரம், முன்பின் பார்த்திராத ஒரு மாட்டுக்குத் தவிடு. அதுவும் ஒரு பிடி. ஸ்னேஹா பஜ்ஜியை மென்று விழுங்கினாள். ஃபிராக்கைப் பற்றிக் கேட்கவில்லை. அதைக் கேட்டால் மாமியார் உஷாராகிவிடுவார்.

"மம்மி மாட்டுக்குத் தவிடு கொண்டுவந்திருக்காங்களாம், தெரியுமா?" என்று ஊஞ்சலிடம் போய்ச் சொன்னாள்.

"ஸ்வீட்," என்றான் கிளிஃபர்ட், கண்ணைத் திறக்காமல்.

"உனக்கு ஒண்ணுமே தோணலையா?"

"நமக்கும் ஏதாவது கொண்டுவந்திருக்கலாம்னு தோணுது."

இவனிடம் பேசிப் பிரயோஜனம் இல்லை என்று அதற்குப் பிறகு ஸ்னேஹா தனியாகவே கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க ஆரம்பித்தாள். பார்க்கப் பார்க்கக் கிடைத்துக்கொண்டே இருந்தது. வீட்டு எல்லைக்குள் போனில் சிக்னல் கிணற்றடியில் மட்டும்தான் வரும். யூனிஸ் சதா அங்கேயே நின்று யாரிடமோ குசுகுசுவென்று பேசினார். ஸ்னேஹா துணி அலசப் போனால், "சரி சரி, அப்பறம்" என்று கட் செய்துவிட்டு, கடல் எவ்வளவு அழகாக இருக்கிறது என்பார். கடலைப் பார்க்காமலேயே சொல்வார். இரண்டாம் நாள் சமையலறை ஜன்னல் வழியாக, அவர் சேஷகிரியிடம் கன்னடத்தில் கேட்டது காதில் விழுந்தது. காலையில் கதவு எப்போது திறப்பார்கள்? கூட்டம் இருக்குமா? குழந்தையை எடுத்துக்கொண்டு போனால் ஒன்றும் சொல்லமாட்டார்களே? சேஷகிரி, சீக்கிரமே திறந்துவிடுவார்கள் அம்மா, அந்நேரத்துக்கு ஈ காக்கா இருக்காது, நிம்மதியாக முடித்துக்கொண்டு வரலாம் என்றார்.

ஸ்னேஹா ஜன்னலை விட்டு நகர்ந்தாள். அப்போதே போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் இன்னொரு மாட்டுக் கதை வரும். கையும் களவுமாகப் பிடித்தால்தான் கிளிஃபர்டிடமும் பேச முடியும், திங்கட்கிழமை விஷயத்தையும் அன்றைக்கே முடித்துவிடலாம். டே-கேருக்குச் சரியென்று சொல்லும் மெசேஜைக்கூடப் போனில் அடித்துவைத்துவிட்டாள். அனுப்புவது மட்டும்தான் பாக்கி.

மறுநாள் காலை கண்விழித்தபோது பக்கத்தில் தாரா இல்லை. குழந்தையின் துண்டும் இல்லை. மாமியாரின் அறைக் கதவு திறந்துகிடந்தது. பையில் ஃபிராக் இல்லை, தவிடும் இல்லை.

செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். தோப்பைக் குறுக்காகக் கடந்து, தென்னை மட்டைகளில் கால் இடறி, சர்ச் வாசலில் போய் மூச்சிரைக்க நின்றாள். கதவு திறந்திருந்தது. உள்ளே வரிசை வரிசையாகக் காலி பெஞ்சுகள். நுழைவாயிலை ஒட்டி ஞானஸ்நானத் தொட்டி, மூடி போட்டுக் காய்ந்துகிடந்தது. பெருக்கிக்கொண்டிருந்த பெண்மணி நிமிர்ந்து பார்த்து, யாருமே வரவில்லையே, ஃபாதர்கூட ஊரில் இல்லை என்று கன்னடத்தில் சொன்னாள்.

சர்ச் இல்லை என்றால் வேறெங்கே? கடலா? கடல் தண்ணீரும் தண்ணீர்தானே. ஸ்னேஹா கரைப் பக்கம் திரும்பி, மணலில் கால் புதையப் புதைய நடந்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கோபம் அதை வெளியே விடவில்லை.

கொஞ்ச தூரத்தில் தாழைப் புதருக்குப் பின்னால் ஒரு சின்ன ஓட்டுக்கோயில் இருந்தது. இரண்டு நாளாகக் கரையில் நடந்தபோதெல்லாம் அவள் பார்த்த கோயில்தான், அதைக் கோயிலாக நினைத்துப் பார்த்ததில்லை. உள்ளே அம்மனுக்கு முன்னால் விளக்கு எரிந்தது. பூசாரி திறந்துவைத்துவிட்டு எங்கோ போயிருந்தார். கருங்கல் வாசற்படிக்கு வெளியே, தலையில் முக்காடு போட்டு, சர்ச்சில் நிற்பதுபோலவே முழங்காலில் நின்றுகொண்டிருந்தார் யூனிஸ். படியின் மேல், துண்டு விரித்து, வெள்ளை ஃபிராக் போட்ட தாரா மல்லாக்கக் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போன். போனிலிருந்து வந்த குரல் ஸ்னேஹாவின் அம்மாவுடையது.

"படியில கெடத்தியாச்சா?"

"கெடத்திட்டேன் சம்பந்தியம்மா. சிரிச்சிக்கினு இக்குது."

"தவிட்டை அம்பாள் பக்கமா வையுங்கோ. வெச்சுட்டு, 'உன் கொழந்தையை நான் தவிட்டுக்கு வாங்கிக்கறேன்'னு சொல்லித் தூக்கிக்கோங்கோ. அவ்வளவுதான். புதுத்துணி போட்டேளா?"

"போட்டேன். வெள்ளை ஃபிராக், லேஸ் வெச்சது."

"வெள்ளையா? மஞ்சள்னு சொன்னேனே."

"மஞ்சள்ல நல்லதா ஒண்ணும் கெடைக்கல."

"சரி போறது. அம்பாள் கோச்சுக்கமாட்டா."

ஸ்னேஹா புதருக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். 'நான் தவிட்டுக்கு வாங்கின பொண்ணு' என்று அம்மா சொல்லிக்கொள்வதை அவள் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறாள். குழந்தைகளைச் சீண்டுவதற்கு எல்லா வீட்டிலும் சொல்வதுதானே என்று நினைத்திருந்தாள். தாத்தா அரசாங்க உத்தியோகத்தில் இந்தக் கரைப்பக்கம் இருந்தார் என்பதும், சின்னக் குழந்தையான அம்மாவுக்கு அப்போது பெரிய ஜுரம் வந்தது என்பதும் இப்போதுதான் ஒன்றோடொன்று சேர்ந்தன. ஜுரத்தில் கிடந்த அம்மாவை அம்மனுக்கே கொடுத்து, இதே படியில் ஒரு பிடி தவிட்டுக்கு யாரோ திரும்ப வாங்கியிருக்கிறார்கள்.

யூனிஸ் பொட்டலத்தைப் பிரிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "சம்பந்தியம்மா, ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கி நான் கேட்டதை நீங்க செஞ்சீங்க. அதுக்கு ஈடாத்தானே இதை என்கிட்ட சொன்னீங்க?"

"ஈடென்ன ஈடு. வேற குடும்பத்து மனுஷிதான் வாங்கணும், பெத்தவளும் கூடாது, நானும் கூடாது. உங்களை விட்டா யாரு இருக்கா? அன்னிக்குக் கண்ணாடிக் கதவுக்கு அந்தண்டை நின்னுண்டு நீங்க கையெடுத்துக் கும்பிட்டேளே, அது என் கண்ணை விட்டுப் போகவே மாட்டேங்கறது. உங்க ஞானஸ்நானத்தை நான் பண்ணினேன். என் வேண்டுதலை நீங்க முடியுங்கோ."

"அம்மா," என்றாள் ஸ்னேஹா.

யூனிஸ் திரும்பிப் பார்த்தார். பரீட்சையில் காப்பியடித்த எத்தனையோ பிள்ளைகளைப் பிடித்த டீச்சர், அந்தப் பிள்ளைகளின் முகத்தோடு விழித்தார். போனில் வாக்கர் தரையில் உரசும் சத்தம் கேட்டது.

"நீ ஞானஸ்நானம் குடுத்தியா? நீயா?"

"ஆபத்துக்கு யாரு வேணும்னாலும் குடுக்கலாம்மா," என்று யூனிஸ்தான் மெல்லச் சொன்னார். "கிறிஸ்தவங்களாத்தான் இருக்கணும்னு இல்ல. தண்ணி ஊத்தி, அந்த வார்த்தையை மனசோட சொன்னா போதும். குழந்தைங்க வார்டுக்குள்ள போறதுக்கு ஒரு பாஸ்தான் குடுத்தாங்க. அது உங்க அம்மா கிட்ட இருந்தது."

"என்ன ஆபத்து? சும்மா அப்சர்வேஷன்ல வெச்சிருக்காங்கன்னுதானே சொன்னீங்க எல்லாரும்?"

ருக்குதான் வாயைத் திறந்தாள். "டாக்டர் நம்பிக்கை இல்லேன்னுட்டார்டீ. நீ ஆபரேஷன் முடிஞ்சு மயக்கத்துல கெடந்தே. கிளிஃபர்ட் உனக்கு ரத்தம் ஏற்பாடு பண்ண ஓடிட்டான். நாங்க ரெண்டு பேருந்தான் இருந்தோம். அவா கேட்டது ஒரு கை தண்ணி. நான் எப்படி மாட்டேன்னு சொல்லுவேன்? தப்பாப் போயிடப் போறதேன்னு மூணு தடவை சொன்னேன். அதே மூச்சுல இந்த அம்பாளையும் வேண்டிண்டேன். எது காப்பாத்தித்துன்னு எனக்கென்ன தெரியும்?"

"என் தலையில கை வெச்சு சத்தியம் பண்ணினியேம்மா."

"நம்மாத்துச் சடங்கை நான் பண்ணமாட்டேன்னுதானே பண்ணினேன்? நான் பண்ணலையே. இதோ, அவாதானே பண்றா."

யூனிஸ் தலையைக் குனிந்துகொண்டார். "நானும் பைபிள்ல கை வெச்சது அப்படித்தான்ம்மா."

ஸ்னேஹாவுக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனால் அதைக் கொட்டத் தோதான இடம் கிடைக்கவில்லை. இத்தனை நாளும் சந்தேகப்பட்டது சரிதான், ஆளைத்தான் மாற்றிச் சந்தேகப்பட்டிருக்கிறாள். அதைவிட, தன் பெண் கைவிட்டுப் போக இருந்த ஒரு சாயங்காலத்தைத் தான் தூங்கிக் கழித்திருக்கிறாள் என்பதுதான் அவளை அதிகம் சுட்டது. அதற்குப் பிறகு இந்த இரண்டு பெண்களும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாயசம் கொண்டுவந்தார்கள், கேக் கொண்டுவந்தார்கள், குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறது என்றார்கள். அந்தப் பயத்தைத் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள்.

"கிளிஃபர்டுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவன் திரும்பி வர்றதுக்குள்ள குழந்தை மூச்சு சரியாயிடுச்சு. அப்பறம் எதுக்குச் சொல்றது?"

அப்போதுதான் தாரா அழ ஆரம்பித்தாள். கல்லின் குளிர்ச்சி துண்டைத் தாண்டி வந்துவிட்டது போலிருக்கிறது. ஸ்னேஹா சட்டென்று குனிந்து கையை நீட்டினாள்.

"நீ தூக்கப்படாதுடீ," என்றது போன். "படியில கெடக்கறவரைக்கும் அது அம்பாளோட கொழந்தை."

யூனிஸ் போனை எடுத்து, "ஒரு நிமிஷம் சம்பந்தியம்மா" என்று அணைத்துப் புடவை மடிப்பில் செருகினார். பிறகு முக்காட்டைத் தள்ளிவிட்டு மருமகளை நேராகப் பார்த்தார். "நீ பெத்தவ. வேணாம்னா சொல்லு, இப்பவே நீயே தூக்கிக்கினு போ. தவிட்டை நெசமாவே மாட்டுக்குப் போட்டுடறேன். உங்கம்மாவுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. இத்தனை நாளில் தன்னை யாராவது கேட்டது இதுதான் முதல் தடவை. அதைக் கேட்டது தான் சந்தேகப்பட்ட ஆள் என்பது ஸ்னேஹாவுக்கு வெட்கமாக இருந்தது, வலிக்கவும் செய்தது. தாரா இன்னும் பலமாக அழுதாள். ஸ்னேஹா கையை மடக்கிப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வாங்குங்க ஆன்ட்டி," என்றாள். "சீக்கிரம். பாவம், குளிருது அவளுக்கு."

யூனிஸ் பொட்டலத்தைப் பிரித்துத் தவிட்டை நிலைப்படிக்கு உட்பக்கமாகக் கொட்டினார். அவசரத்தில் பாதி ஃபிராக்கில் விழுந்தது. சொல்ல வேண்டிய வாக்கியத்தைச் சொன்னார். பழக்கதோஷத்தில் கடைசியில் ஆமென் என்றும் சேர்த்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு மருமகளைப் பார்த்தார். ஸ்னேஹாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. குழந்தையை வாரி எடுத்து, ஒரு தடவை தோளில் சாய்த்துத் தட்டிவிட்டு, யூனிஸ் உடனே அவள் கையில் கொடுத்தார்.

மணலில் திரும்பி நடக்கும்போது ஸ்னேஹா போனை எடுத்து, அடித்துவைத்திருந்த மெசேஜை அழித்தாள். "திங்கட்கிழமை ஆபீஸ் ஷட்டில் சீக்கிரமே வந்துடும். ஞாயித்துக்கிழமையே பெட்டியோட வந்துடுங்க."

யூனிஸ் நின்றார். "நெசமாவா?"

"ஆனா இனிமே எனக்குத் தெரியாம எதுவும் கூடாது. உங்க பக்கத்துதும் கூடாது, எங்கம்மா பக்கத்துதும் கூடாது. ரெண்டு பேருக்குந்தான் சொல்றேன்."

"கூடாதும்மா. சத்தியமா."

"சத்தியம் மட்டும் பண்ணாதீங்க."

கிணற்றைத் தாண்டி வந்தபோது கிளிஃபர்ட் ஊஞ்சலில் எழுந்து உட்கார்ந்திருந்தான். தலை கலைந்து, முகத்தில் வலையின் தடம். மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அம்மாவின் கண் சிவந்திருந்தது, பெண்டாட்டியின் காலில் செருப்பு இல்லை, பெண் வெள்ளை லேஸ் ஃபிராக்கில் தவிட்டோடு இருந்தாள்.

"எங்க போயிட்டீங்க எல்லாரும், காலங்காத்தால?"

உண்மையைச் சொல்லிவிட ஸ்னேஹா வாயைத் திறந்தாள். நம்பிக்கை இல்லை என்று டாக்டர் சொன்னதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ரத்தத்துக்காக அலைந்துவிட்டு வேர்க்க விறுவிறுக்க வந்து, குழந்தை நன்றாக இருக்கிறது என்று கேட்டதும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டானாம் இவன். அவள் குழந்தையின் கழுத்தோரம் ஒட்டியிருந்த தவிட்டைத் தட்டிவிட்டாள்.

"மாட்டுக்குத் தவிடு வைக்கப் போனோம்," என்றாள்.

கிளிஃபர்ட் மெதுவாகத் திரும்பி, முற்றத்தில் கட்டியிருந்த செவலை மாட்டைப் பார்த்தான். பிறகு கடல் பக்கமிருந்து வந்த மூன்று பேரையும் பார்த்தான்.

"மாடு இங்கதானே இருக்குது?" என்றான்.